மாம்பலம் ஸ்டேஷனில் ஒருவர் விழுந்தால்

பி.டி. பீரியடைக் கணக்கு சார் கடன் வாங்குவது ஊரறிந்த வழக்கம். 2020-ல் வகுப்பெல்லாம் செல்போனுக்குள் போனபோது கடன் கேட்கக்கூட ஆள் வரவில்லை. முதல் வாரம் ஜம்பிங் ஜாக் போடச் சொன்னேன். மூன்றாவது மாடியில் இருந்த பையன் பத்து எண்ணுவதற்குள் கீழ்வீட்டு அக்கா மேலே வந்து காலிங் பெல் அடித்துவிட்டார்.

சரி, குதிக்க வேண்டாம், முதலுதவி நடத்தலாம் என்று ஸ்லைடு போட்டேன். ஒன்பதாம் வகுப்பு. கேமரா ஒன்றுகூட ஆனில் இருக்காது. "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது மிஸ்." டெஸ்ட் வைத்தால் எல்லோரும் முழு மார்க். ஸ்லைடைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் வராதா என்ன!

அப்புறம் ஸ்லைடை மூடிவிட்டு ஒரு சூழ்நிலையைச் சொன்னேன். மாம்பலம் ஸ்டேஷன், சாயங்காலம் ஆறரை மணி. ரங்கநாதன் தெருவில் வாங்கிய பைகளோடு பிளாட்பாரம் முழுக்கக் கூட்டம். உன் பக்கத்தில் நின்றவர் தடாலென்று விழுகிறார். கைகால் இழுக்கிறது, வாயில் நுரை. என்ன செய்வாய்?

அவர்கள் சொல்வதை வைத்துத்தான் அடுத்த வரி. ஒருவன் கைகாலை அமுக்கிப் பிடிப்பேன் என்றான். "பிடிச்சே. அவருக்குத் தோள்ல அடிபட்டுடுச்சு. இப்போ?" நாக்கைக் கடிக்காமல் இருக்க ஒருத்தி வாயில் கர்சீப்பைத் திணித்தாள். "மூச்சு முட்டுது. இப்போ?"

அந்த நேரம் பார்த்து, மைக்கை அணைக்க மறந்த ஒரு வீட்டிலிருந்து பாட்டியின் குரல்: "கையில சாவியக் குடுடா!"

வகுப்பே சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. என் அம்மாவும் அதைத்தான் சொல்லுவார். "பாட்டி, வலிப்பு பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தானாவே நின்னுடும். நாம சாவியத் தேடி எடுக்கறதுக்குள்ள அந்த நேரம் ஆயிடுது. பேர் மட்டும் சாவிக்கு" என்றேன். பாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருக்கும், இருக்கும்" என்றார்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இடித்துக்கொள்ளும் பொருள்களை நகர்த்து, தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வை, மணியைப் பார். இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வை. ஐந்து நிமிடம் தாண்டினால் 108. இதெல்லாம் ஸ்லைடிலும் இருந்ததுதான். ஸ்லைடு போட்டபோது வராத கேள்வி இப்போது வந்தது: "மிஸ், அத்தனை பெரியவங்க சாவி சாவின்னு கத்தும்போது நான் சொன்னா யாரு கேட்பா?"

என்னிடம் பதில் இல்லை. பதினாலு வயதுப் பிள்ளை, முன்பின் தெரியாத மாமாக்களிடம் எப்படிப் பேசும்? சூழ்நிலையை எழுதும்போது நான் கூட்டத்தை வெறும் அலங்காரமாகத்தான் வைத்திருந்தேன். சிக்கலே அங்கேதான் இருந்திருக்கிறது.

அடுத்த வாரத்துக்கு அதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன்: அந்த இடத்தில் நீ பேசப்போகும் வார்த்தைகளை வாய்ஸ் மெசேஜில் அனுப்பு. பாதிப் பேர் "எக்ஸ்கியூஸ் மீ" என்று ஆரம்பித்திருந்தார்கள். மாம்பலத்தில், அதுவும் ஆறரை மணிக்கு! ஒருவன், "அண்ணா, காத்து வரட்டும், நீங்க 108-க்குப் போன் பண்ணுங்க" என்று ஒரே ஆளைப் பார்த்து வேலையை ஒப்படைத்திருந்தான். நல்ல யோசனை.

கர்சீப் திணித்த அதே பெண் அனுப்பியது ஏழு விநாடிதான். "இவரு எங்க மாமா, தள்ளுங்கன்னு பொய் சொல்லிடுவேன் மிஸ். அப்போதான் வழி விடுவாங்க."

பத்துக்குப் பத்து போட்டேன்.