அட்வான்ஸ்னு ஒரு கட்டம்

சம்பளக் கணக்கு பாக்குறதுதான் என் வேலை, பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. காலைல ஜெபம், ஒன்பது மணிக்கு மேல எக்செல் ஷீட், ரெண்டையும் தனித்தனியாத்தான் வச்சிருந்தேன்.

எங்க ஆபீஸ்ல க்ளீனிங் வேலைக்கு ஏஜென்சி மூலமா வர்றவங்க பதினாலு பேர். யூனிஃபார்ம், அட்வான்ஸ்னு யாருக்கு எவ்வளவு பிடிக்கணும்னு மாசாமாசம் ஏஜென்சி லிஸ்ட் அனுப்பும், நான் அப்படியே என்ட்ரி போட்டுடுவேன். அதுல ஒரு அக்கா, லெந்து காலத்துல, அதாவது ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்கள்ல ஒரு நாள், பே ஸ்லிப்பை நாலா மடிச்சு கையில வச்சுக்கிட்டு என் சீட் பக்கத்துல வந்து நின்னாங்க. "தம்பி, என் அட்வான்ஸ் எப்பதான் தீரும், கொஞ்சம் பாத்துச் சொல்லுப்பா."

பழைய ஷீட் எல்லாத்தையும் திறந்து கூட்டிப் பாத்தேன். வாங்கினது ஒரே ஒரு தடவை, பிடிச்சது அதுல ரெண்டு மடங்கைத் தாண்டிடுச்சு, இன்னும் பிடிச்சுக்கிட்டே இருக்காங்க. கடன் தீர்ற வரைக்கும் வேலையை விட்டுப் போகக்கூடாதுன்னு வேற சொல்லி வச்சிருக்காங்க. அந்த நம்பரை மாசாமாசம் டைப் பண்ணது என் விரல்.

இதே அக்காவுக்காக நான் ஜெபம் பண்ணியிருக்கேன், பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட காசு கூட குடுத்திருக்கேன், அதுலயே நம்ம கடமை முடிஞ்சுதுன்னு நிம்மதியாவும் இருந்திருக்கேன். அன்னைக்கு ராத்திரி பைபிள்ல ஏசாயா 58ஆம் அதிகாரத்தை எடுத்துப் படிச்சேன். பசியுள்ளவனுக்கு ஆகாரம் குடுக்கச் சொல்றது 7ஆம் வசனம். அதுக்கு முன்னாடி 6ஆம் வசனம், அக்கிரமத்தின் கட்டுகளை அவிழ்க்கிறதும் நுகத்தடியை உடைச்சுப்போடுறதும்தான் எனக்கு உகந்த உபவாசம்ங்குது. நான் நுகத்தடியை அப்படியே விட்டுட்டு தீனி மட்டும் வச்சிருக்கேன், அந்த நுகத்தடியைப் பூட்டினதுலயும் என் கை இருந்திருக்கு.

மேனேஜர் கெட்டவர் இல்ல. ஆனா "அது ஏஜென்சி விஷயம், நாம ஏன் தலையிடணும்"னார். எனக்கு பைபிள்ல நெகேமியா 5ஆம் அதிகாரம்தான் ஞாபகம் வந்துச்சு. கடனுக்காக சொந்த ஜனங்களே பிள்ளைகளை அடிமையாக்க வேண்டி வந்தப்போ, இந்த வட்டியை விட்டுவிடுவோம்னு ஜனங்களோட அதிபதியா இருந்த நெகேமியா தன்னையும் சேர்த்துத்தான் சொல்றார், அதோட நிறுத்தாம நிலம், வீடு, வாங்கின வட்டி எல்லாத்தையும் அன்னைக்கே திருப்பிக் குடுக்கச் சொல்றார். நானும் மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன், ஒவ்வொருத்தரும் கையெழுத்து போட்ட வவுச்சரைக் காட்டினாத்தான் இனி அந்தக் கட்டத்துல நம்பர் போடுவேன்னு. கை நடுங்கிச்சு, பொய் சொல்லல, எனக்கும் குடும்பம் இருக்கு.

பாதிப் பேருக்கு வவுச்சரே இல்ல. பிடித்தம் ரெண்டே மாசத்துல நின்னுச்சு, ஆனா பிடிச்ச பணத்தைத் திருப்பி வாங்கத்தான் பெரும்பாடு. "அதான் நிறுத்தியாச்சே, இன்னும் என்ன"ன்னு எல்லாருமே கேட்டாங்க, என் சபையில உள்ளவங்க உட்பட. இந்த இடத்துல மனசு விட்டுப்போகும், ஏன்னா நிறுத்துனதே பெரிய விஷயம்னு நமக்கும் தோண ஆரம்பிச்சிடும். வில்பர்ஃபோர்ஸ் விசுவாசத்தோட பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல போராடினவர், 1791ல தோத்து, 1807லதான் அடிமை வியாபாரத்தைத் தடை பண்ண முடிஞ்சுது, அடிமைமுறையை ஒழிக்கிற சட்டம் 1833ல. அந்தச் சட்டம் 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்குச்சு, காலமெல்லாம் உழைச்ச அடிமைகளுக்கு இல்ல, எஜமான்களுக்கு. அதைப் படிச்சதுல இருந்து "நிறுத்தியாச்சே"ங்கிற வார்த்தை எனக்குப் போதவே மாட்டேங்குது.

அஞ்சு மாசம் கழிச்சு பணம் வந்துச்சு. அக்கா எண்ணிப் பாத்துட்டு, பே ஸ்லிப்பை மடிக்கிற மாதிரியே அதையும் நாலா மடிச்சு முந்தானைல முடிஞ்சுக்கிட்டாங்க. மறுமாசமே வேலையை விட்டுட்டாங்க, விட முடிஞ்சுது.

அவங்களுக்கு முன்னாடியே ரெண்டு பேர் சொல்லாம கொள்ளாம ஓடிப்போயிருந்தாங்க. அவங்களுக்கு வரவேண்டியதை தனி ஷீட்டா போட்டு வச்சிருக்கேன், ஒவ்வொரு மாசக் கடைசிலயும் அதை ஏஜென்சிக்கு மெயில் பண்றேன்.