மத்தியானத்துல மட்டும் மிஸ் அடிச்ச வண்டி

எங்க மச்சான் தோப்புக்குன்னு ஒரு வண்டி கட்டி வச்சிருக்காரு. பழைய மாருதி 800, கார்புரேட்டர் மாடல், பாடி பூரா துரு தின்னு உள்ள உக்காந்தா தரை தெரியுற நெலமைல கெடச்சது. அதுலருந்து இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாத்தையும் உருவி, எம்எஸ் பைப்ப வளைச்சு வெல்டு வச்ச ஃப்ரேம்ல பின்பக்கமா ஏத்தி, பின் சக்கரம் இழுக்குற மாதிரி பண்ணிட்டாரு. ரிஜிஸ்ட்ரேஷன் கெடையாது, ரோட்டுக்கு வராது, தோப்புக்குள்ள தேங்கா மட்டை தண்ணி டிரம்மு இழுக்க மட்டும்தான். ராமநாதபுரம் மாவட்டத்துல உச்சிப்புளியத் தாண்டி கடக்கரைப் பக்கம் வந்து பாத்தவங்களுக்குத் தெரியும், அந்த மணல்ல லோடு ஏத்துன டிராக்டரே திணறும், இது எடை கம்மிங்கிறதால மேலாப்புல போயிரும். பசங்க வச்ச பேரு பூச்சி.

இந்தப் பூச்சிக்குத்தான் மிஸ்ஸிங், அதாவது ஓடிக்கிட்டு இருக்கும்போதே இன்ஜின் அடிக்க வேண்டிய அடி நடுநடுவுல விட்டுப் போறது. அதுவும் காலைல வராது. காலைல ஒரு உதை, ஸ்டார்ட் ஆகி தையல் மெஷின் கணக்கா ஓடும். பதினோரு மணிக்கு மேல, டிராலில லோடு போட்டு மணல் மேட்டுல செகண்டு கியர்ல ஏத்துனா திடீர்னு இழுவை போயி, பொக் பொக்குன்னு சைலன்சர்ல வெடிச்சு, வண்டி குலுங்கி நின்னுரும். நிழல்ல விட்டுட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஏறும். அப்புறம் மறுபடியும் அதே கதை.

ஊர்ல இதுக்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம். பெட்ரோல் சூட்டுல ஆவியாகி லைன்ல காத்து அடைக்குதுன்னு ஒருத்தரு, பம்புல ஈரத்துணிய சுத்துங்கன்னாரு, சுத்துனோம். எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம்னு இன்னொருத்தரு, இப்பல்லாம் வண்டில எது வந்தாலும் பழி அதுமேலதான விழுது. போட் இன்ஜின் பாக்குற அண்ணன் ஒருத்தரு வந்து சுத்திப் பாத்துட்டு "டீசல் இன்ஜின் வச்சிருந்தா இந்தத் தொல்லையே இல்லப்பா"ன்னு சொல்லிட்டுப் போனாரு, அது உண்மைதான், ஆனா உதவாத உண்மை. ராமநாதபுரத்துல ஒரு மெக்கானிக் கிட்ட காட்டுனதுல காயில் (பேட்டரி வோல்டேஜ பல மடங்கு ஏத்தி பிளக்குல பொறி வர வைக்கிறது) சூடாகுதுன்னு காயிலு, அப்புறம் பிளக்கு, ஹெச்டி ஒயரு (பிளக்குக்குப் போற ஒயரு), கண்டென்சரு, பொறிய ஒவ்வொரு சிலிண்டருக்கா பிரிச்சு விடுற டிஸ்ட்ரிபியூட்டரோட மூடி, ரோட்டர் எல்லாம் புதுசா மாறுச்சு. மிஸ்ஸிங் மட்டும் பழசு.

அதுக்கப்புறம்தான் மச்சான் எனக்கு போன் பண்ணி "மாப்ள, நீ மீட்டர எடுத்துட்டு வா"ன்னாரு.

பாகம் மாத்துறது வேற, கோளாறு கண்டுபுடிக்கிறது வேறன்னு நான் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருக்கேன், கேக்க ஆளில்ல. மிஸ்ஸிங்னு வந்தா மொதல்ல கேக்க வேண்டிய கேள்வி, ஒரே சிலிண்டரா, இல்ல எல்லாத்துலயும் மாறி மாறி வருதாங்கிறதுதான். மாருதி 800க்கு மூணு சிலிண்டர், 1-3-2ன்னு ஃபயர் ஆகும். ஒரே சிலிண்டர் செத்துருந்தா சத்தத்துலயே தெரியும், டுக் டுக் ஓட்டை, டுக் டுக் ஓட்டைன்னு ஒரு தாளத்துல விழும். ஐட்லிங்ல ஒவ்வொரு பிளக் ஒயரா கழட்டிப் பாத்தா (காஞ்ச கையில ரப்பர் கிளவுஸ் போட்டுக்கங்க, இல்லன்னா நல்லா வாங்குவீங்க) எந்த ஒயரக் கழட்டும்போது இன்ஜின் சத்தம் மாறலையோ அங்கதான் நோவு. இதுல மூணையும் கழட்டுனப்ப மூணுக்கும் ஒரே மாதிரி எறங்குச்சு. கம்ப்ரஷன் கேஜ் போட்டா மூணும் கிட்டத்தட்ட ஒரே அளவு. லோடுல வர்ற பொக் பொக்குலயும் தாளம்னு ஒண்ணு இல்ல, கண்டபடி விழுது. அப்ப வால்வு, பிளக், பிளக் ஒயரு இதெல்லாம் கணக்குலருந்து போயிருச்சு. மூணு சிலிண்டருக்கும் பொதுவா இருக்குறது எதுவோ அதுதான், ஒண்ணு பெட்ரோல், இல்லன்னா காயில்லருந்து டிஸ்ட்ரிபியூட்டர் வரைக்கும் உள்ள சங்கதி.

பெட்ரோலா கரண்டான்னு பிரிக்க ரெண்டு வேலை பண்ணுனோம். மிஸ் அடிக்கும்போதே சோக்க (காத்த கொறச்சு பெட்ரோல கூட்டி விடுறது) பாதி இழுத்துப் பாத்தது ஒண்ணு. பெட்ரோல் பத்தாம வர்ற மிஸ்ஸிங்னா அந்த எடத்துல கொஞ்சம் தெளியும். இது தெளியல, இன்னும் மோசமா கறுப்புப் புகைதான் வந்துச்சு. ரெண்டாவது, டைமிங் லைட்ட (ஒயர்ல பொறிக்கான கரண்டு பாயுற ஒவ்வொரு தடவையும் மின்னுற லைட்டு) நடு ஒயர்ல, அதாவது காயில்லருந்து மூடிக்குப் போற ஒயர்ல மாட்டி, மேல ஒரு துண்டப் போட்டு மூடிக்கிட்டு நான் பின்னாடி உக்காந்துக்கிட்டேன், மச்சான் ஓட்டுனாரு. நல்லா ஓடுறப்ப லைட்டு விடாம அடிக்குது. மிஸ் வந்ததும் லைட்டும் விட்டு விட்டு அடிக்குது. பெட்ரோல் குத்தமா இருந்தா லைட்டு பாட்டுக்கு அடிச்சிக்கிட்டு இருக்கும். ஈரத்துணிய அவுத்து எறிஞ்சாச்சு.

ஆனா கரண்டுல எல்லாமே புதுசு. மச்சானும் அதத்தான் சொன்னாரு, "எல்லாம் மாத்தியாச்சேடா, பிளக்க வெளிய எடுத்து வச்சு அடிச்சுப் பாத்தா நீலமா பொறி வருதே". வெளிய வச்சு அடிக்கிற பொறி வேற மச்சான், உள்ள அடிக்கிற பொறி வேற. சிலிண்டருக்குள்ள காத்து எவ்வளவு நெருக்கமா அழுத்திக் கெடக்குதோ அந்த அளவுக்கு பிளக் கேப்ப தாண்ட வோல்டேஜ் கூட வேணும். ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சு மணல்ல ஏத்துறப்பதான் உள்ள அழுத்தம் உச்சத்துல இருக்கும். வெளிய நீலமா அடிச்ச அதே பொறி உள்ள தாண்ட முடியாம செத்துப் போகும். அதனாலதான் லோடுல மட்டும் வருது. சரி, ஏன் மத்தியானத்துல மட்டும்?

இதுக்கு விடை கொடுத்தது மச்சான் மகன். பன்னெண்டு வயசுப் பய. டிராலில உக்காந்துக்கிட்டு வந்தவன் "மாமா, அந்த ஃபேன் சத்தம் வந்தா ஒடனே வண்டி தும்முது"ன்னான். நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தோம். ரேடியேட்டர் ஃபேன். காலைல காத்து குளிர்ச்சியா இருக்கும், ஃபேன் ஓடாது. வெயில் ஏறுனப்பறம், மெதுவா மணல்ல உறுமிக்கிட்டு ஏறுறப்பதான் தண்ணி சூடாகி ஃபேன் போடும். லோடும் அப்பதான். டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ஃபேன் நின்னுருக்கும். நாங்க எல்லாரும் சூட்டையே பாத்துக்கிட்டு இருந்துருக்கோம், சூடு வந்தா வேற என்னென்ன ஆன் ஆகுதுன்னு பாக்கல அந்த மெக்கானிக் உட்பட யாரும்.

மீட்டரோட ரெண்டு ஒயருக்கும் நீளமா ஒயர் சேத்து, காயில் பிளஸ்ல ஒண்ணு, இன்ஜின் பிளாக்ல ஒண்ணு கிளிப் மாட்டி, மீட்டர மடில வச்சுக்கிட்டு ஓட்டுனோம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள காயில் கரண்ட வெட்டி வெட்டி விடுற பாயிண்ட் தெறந்து தெறந்து மூடுறதால நம்பர் ஒரு எடத்துல நிக்காது, ஆடும், சுமாரா எங்க ஆடுதுன்னு பாக்கணும். ஃபேன் இல்லாதப்ப பன்னெண்டரை, பதிமூணு வோல்ட் கிட்ட. ஃபேன் போட்டதும் ஒம்பதரை. அதே நேரம் பேட்டரில பாத்தா பதிமூணரைக்கு மேல நிக்குது. அப்ப நடுவுல நாலு வோல்ட்ட எவனோ தின்னுக்கிட்டு இருக்கான்.

நாலு வோல்ட்தானேன்னு நெனைக்காதீங்க. காயில்ல சேர்ற சக்தி, அதுல ஓடுற கரண்டோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி போகும். வோல்டேஜ் முப்பது பர்சென்ட் கொறஞ்சா கரண்டும் முப்பது கொறையும், பொறியோட பலம் பாதியாயிரும். இதுல 3000 ஆர்பிஎம்ல செகண்டுக்கு 75 தடவ அந்தக் காயில் நெறஞ்சு காலியாகணும், நெறைய கெடைக்கிற நேரமே கொஞ்சம்.

இப்ப ஒயர் எப்படிப் போகுதுன்னு பாக்கணும். கம்பெனி வண்டினா புக்கு இருக்கும், கலர் இருக்கும். வீட்டுல கட்டுன வண்டிக்கு புக்கு மச்சானோட ஞாபகம்தான், கலர் கடைல அன்னைக்கு என்ன இருந்துச்சோ அது. எல்லாமே செவப்பு. முன்னாடி சாவி, பின்னாடி இன்ஜின், நடுவுல சீட்டுக்கு அடில ரெண்டு ஒயர சொருகி சேக்குற ஒரு புல்லட் கனெக்டர், அங்கருந்து காயிலுக்கு ஒரு ஒல்லி ஒயர். ரேடியேட்டரும் பின்னாடியே இருக்குறதால ஃபேனுக்கும் அந்தக் காயில் ஒயர்லருந்தே ஒண்ண இழுத்து விட்டுருக்காரு, பக்கத்துல அதான் இருந்துச்சாம். காயிலுக்கு மூணு நாலு ஆம்பியர், ஃபேனுக்கு அதுபோல ரெண்டு மடங்கு, எல்லாம் அந்த ஒல்லி ஒயர் வழியா.

எந்த எடத்துல போகுதுன்னு பாக்க, ஃபேன ஓட விட்டுட்டு மீட்டர் செவப்ப பேட்டரி பிளஸ்ல வச்சிட்டு, கறுப்ப வழி நெடுக ஒவ்வொரு ஜாயிண்டா தொட்டுக்கிட்டே வரணும். எது வரைக்கும் எவ்வளவு தொலையுதுன்னு மீட்டரே சொல்லும். சாவி தாண்டி அரை வோல்ட் சொச்சம், பரவால்ல. புல்லட் கனெக்டர தாண்டுனதும் மூணரைய தாண்டிருச்சு. டேப்ப பிரிச்சா கனெக்டரோட பிளாஸ்டிக் ஒரு பக்கம் பழுப்பா இளகிப் போயி நெளிஞ்சு கெடக்கு, கை வைக்க முடியாத சூடு. இழுத்ததும் பச்சப் பொடியா கொட்டுச்சு. ஒயர் தோல உரிச்சா செம்பு கறுத்துப் போயி, நகத்தால சுரண்டுனாலும் மினுக்கம் வரல, ஒரு ஜாண் தள்ளி வெட்டுற வரைக்கும் கறுப்புதான். ஆனி ஆடி கச்சான் காத்துல உப்பு எப்படி பறக்கும்னு இந்தப் பக்கத்து ஆளுகளுக்குச் சொல்ல வேண்டியதில்ல. 1914ல தெறந்த பாம்பன் ரயில் பாலமே உப்புல துருப்புடிச்சு 2022 டிசம்பர்ல ரயில நிறுத்துனாங்க, ஒரு புல்லட் கனெக்டர் எம்மாத்திரம்.

ராமநாதபுரத்துல இந்த ஒயர செக் பண்ணித்தான் இருக்காங்க. சாவிய மட்டும் போட்டு டெஸ்ட் லேம்ப் வச்சுருக்காங்க, பளிச்சுனு எரிஞ்சிருக்கு, ஒயர் ஓகேன்னு விட்டுட்டாங்க. அந்தச் சின்ன பல்பு இழுக்குற கரண்டுக்கு அந்த அழுகுன ஜாயிண்டே போதும். லோடு போடாம பாத்தா எல்லா ஒயரும் நல்ல ஒயர்தான்.

உறுதி பண்ண, பேட்டரிலருந்து காயிலுக்கு நேரா ஒரு தனி ஒயர் கொடுத்துட்டு, டிராலில டிரம்ம ஏத்தி அதே மேட்டுல ஏத்துனோம். ஃபேன் ஓடுது, வண்டி ஏறுது, ஒரு தும்மல் இல்ல. மேல போயி மச்சான் சாவிய ஆஃப் பண்றாரு, இன்ஜின் நிக்கவே இல்ல, பாவம் மனுசன் பேயடிச்ச மாதிரி ஆயிட்டாரு. நேர் ஒயர் கொடுத்தா சாவிக்கு வேலை இல்ல, ஒயர உருவுனாத்தான் நிக்கும். பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போற கரண்ட கொறைக்கிறது) வச்ச காயில்னா இப்படி கொடுத்து ரொம்ப நேரம் ஓட்டாதீங்க, காயில் வெந்துரும்.

அப்புறம் செஞ்சது சின்ன வேலைதான். ஃபேனுக்கு தனியா ஒரு ரிலே (சின்ன கரண்ட வச்சு பெரிய கரண்ட ஆன் பண்ற சுவிட்ச்), அதோட கால் நம்பர் 30ல பேட்டரிலருந்து ஃபியூஸ் வழியா தடிச்ச ஒயர், 87ல ஃபேன், 85லயும் 86லயும் சுவிட்ச் சமாச்சாரம். காயிலுக்கு புது ஒயர், நடுவுல எங்கயும் ஜாயிண்ட் இல்லாம. படகுக்கு போடுற வெள்ளீயம் பூசுன செம்பு ஒயரே வாங்கிட்டு வந்தோம், வெல கூடத்தான், ஆனா கடக்கரைல வெறும் செம்பு ஒயர் போடுறது எனக்கு ஒப்பாது. முனைக்கு பசை வச்ச ஹீட் ஷ்ரிங்க் டியூப். கையோட எர்த் பட்டையும் கழட்டி, பெயிண்ட சுரண்டி, கிரீஸ் தடவி முறுக்கியாச்சு. இப்ப ஃபேன் ஓடுறப்பவும் காயில்ல பதிமூணு நிக்குது.

கழட்டிப் போட்ட பழைய காயில், மூடி, ஒயரு எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஒரு சாக்குல கட்டி ஸ்பேரா வச்சிருக்கு. மச்சான் இப்ப ராத்திரில தேங்கா ஏத்த முன்னாடி பெரிய எல்இடி லைட்டு ஒண்ணு மாட்டணும்னு நிக்கிறாரு. கரண்டு எங்கருந்து எடுக்கப் போறீங்கன்னு கேட்டேன். "ஹார்ன் ஒயர் பக்கத்துலதான் போகுது மாப்ள"ங்கிறாரு. இன்னொரு ரிலே வாங்கி வச்சிருக்கேன், ஞாயித்துக்கெழம போகணும்.