நெட் தேர்வின் ஒன்பதாம் அலகு: ஒரு வணிகவியல் மாணவரின் வழி

நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வின் முடிவும் வந்து, முனைவர் பட்டச் சேர்க்கைப் பட்டியலில் பெயரும் வந்துவிட்டது. வணிகவியலில் உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்திருக்கிறது. இளநிலை ஆய்வு உதவித்தொகை மட்டும் கைநழுவிப் போயிற்று. மாதம் 37,000 ரூபாய் என்பது திருவொற்றியூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு படிப்பவருக்குச் சாதாரணத் தொகை அன்று என்பதால், நிம்மதியும் ஆதங்கமும் கலந்தே இதை எழுதுகிறேன்.

முதல் தாளின் ஒன்பதாம் அலகான ‘மக்கள், வளர்ச்சி, சுற்றுச்சூழல்’ பற்றி மட்டும் சொல்கிறேன். பொதுவாக ஐந்து வினாக்கள், பத்து மதிப்பெண். நான் சேர்ந்திருந்த பயிற்சி மையத்தில் மாநாடுகளின் ஆண்டுகளை இரண்டு பக்கப் பட்டியலாகக் கொடுத்து, மனப்பாடம் செய்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். தமிழ், வரலாறு, வணிகவியல், உடற்கல்வி என எந்தத் துறையினரும் இந்தத் தேர்வுக்காக வளங்குன்றா வளர்ச்சியைக் கட்டாயமாகப் படிக்கும் ஒரே இடம் அந்த அலகுதான். இளநிலையில் நாம் எழுதிய சுற்றுச்சூழல் கல்வித் தாளும் தானாக வந்ததன்று, சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்தே அது எல்லாத் துறைகளுக்கும் பொதுப்பாடமாயிற்று. ஆனால் பல கல்லூரிகளில் யாருக்குப் பாடவேளை குறைவோ அவர் தலையில்தான் அந்தத் தாள் விழுகிறது. மாணவர்களும் தேர்வுக்கு முந்தைய இரவு நகலெடுத்த குறிப்புகளோடு அதை முடித்துவிடுகிறார்கள்.

நான் பிடித்துக்கொண்ட வழி ஒன்றே ஒன்று. எந்த ஒப்பந்தம் வந்தாலும், எந்தச் சட்டம் வந்தாலும், ‘இந்தச் செலவு யார் கணக்கில்?’ என்று கேட்டுப் பார்த்தேன். 1987-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை ஓசோனைக் குலைக்கும் பொருள்களைக் கைவிடச் சொன்னபோது, வளரும் நாடுகளின் மாற்றுச் செலவுக்கென்று 1990-இல் தனி நிதியம் ஏற்பட்டது. 1997-இன் கியோட்டோ காலநிலை உடன்படிக்கை, உமிழ்வைக் குறைக்கும் சுமையை வளர்ந்த நாடுகளின் மேல் மட்டுமே கட்டாயமாக வைத்தது. 2015-இன் பாரிஸ் ஒப்பந்தமோ ஒவ்வொரு நாடும் தன் பங்கைத் தானே அறிவிக்கட்டும் என்றது. பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பாக வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை 1996-இல் உச்ச நீதிமன்றம் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டது. இப்படிப் படித்தபோது ஆண்டு வரிசை தனி மனப்பாடமாக இல்லாமல் கூடவே வந்துவிட்டது. கால வரிசைப்படுத்தும் வினாவில் பட்டியலைத் தேட வேண்டியிருக்கவில்லை.

வணிகவியலின் இரண்டாம் தாளுக்கும் இதே கேள்வி உதவும். சுற்றுச்சூழல் தணிக்கையும் ஆற்றல் தணிக்கையும் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன; பலர் அவற்றைக் கடைசியில் புரட்டுகிறார்கள்.

குறித்துக்கொள்ள வேண்டியவை:
– நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 135: சட்டம் சொல்லும் வரம்பை எட்டும் நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். இதை இழப்பீட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.
– சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களிலுள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் 2022–23 முதல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வகுத்த நிலைத்தன்மை அறிக்கையைத் தர வேண்டும். ஓர் அறிக்கையையாவது முழுதாகப் படியுங்கள்.
– ஐ.நா.வின் வளங்குன்றா வளர்ச்சி இலக்குகள்: 17 இலக்குகள், 169 உள்இலக்குகள், காலம் 2030 வரை.
– கூட்டுப் படிப்பு வேண்டாம். (எனக்கு ஒத்துவரவில்லை, உங்களுக்கு ஒத்துவரலாம்.)
– வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ் வழியில் படித்தவர்கள் கலைச்சொற்களை இரு மொழியிலும் எழுதிப் பழகுங்கள்.

முனைவர் பட்டச் சேர்க்கைக்கான நேர்காணலுக்கு வருகிறேன். உதவித்தொகைப் பிரிவில் வராதவர்களுக்கு நெட் மதிப்பெண் 70 விழுக்காடும் நேர்காணல் 30 விழுக்காடும் சேர்த்துத்தான் தரவரிசை. நான் அமர்ந்ததுமே வந்த கேள்வி: “எண்ணூர் முகத்துவாரத்தைப் பற்றி ஆய்வு என்கிறீர்களே, அதற்குச் சுற்றுச்சூழல் துறை இருக்கிறது, வணிகவியலில் உங்களுக்கு என்ன வேலை?”

துறை கடந்த ஆய்வு என்று எழுதிக்கொண்டு போகும் எல்லாருக்கும் இந்தக் கேள்வி உண்டு. ‘நிலைத்தன்மை எல்லாத் துறைக்கும் பொதுவானது’ என்று பதில் சொன்னால் அத்துடன் கதை முடிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து முகத்துவாரத்துக்கு வந்ததைச் சொன்னேன். காட்டுக்குப்பத்தில் படகின் உட்புறமெல்லாம் கருப்பாய்ப் படிந்து, வலையைக் கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. படகுக்கு விலை உண்டு, வலைக்கும் உண்டு. ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, பறிக் கூடையைக் கட்டிக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்ணுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை, விற்றதற்கு ரசீதும் இல்லை. ஆவணமே இல்லாத இழப்பை எப்படி அளப்பது, எந்தத் தலைப்பில் பதிவது என்பது விலங்கியல் கேள்வி அன்று, கணக்கியல் கேள்வி என்றேன். அதன் பிறகு அவர்கள் கேட்டதெல்லாம் அளவீட்டு முறையைப் பற்றித்தான்.

வேறு துறைக்காரர்களுக்கும் அதே முகத்துவாரத்தில் வேலை இருக்கிறது. சட்டம் படித்தவர் கடலோர ஒழுங்குமுறை வரைபடத்தில் ஆற்றின் எல்லை எங்கே முடிகிறது என்று கேட்கலாம். வரலாற்றுக்காரர் பக்கிங்காம் கால்வாய்க்கு முன்பும் பின்பும் நீரோட்டம் எப்படி மாறியது என்று ஆவணக் காப்பகத்தில் தேடலாம். உங்கள் துறையின் கருவியால் மட்டுமே விடை காணக்கூடிய கேள்வியாக அது இருக்கட்டும். அனல்மின் நிலையச் சாம்பல் நீரில் கன உலோகம் எவ்வளவு என்று நானே அளக்கப் போனால் அந்த ஆய்வு ஒரு நாளும் முடியாது. அதற்குக் கடலியல் துறையிலிருந்து ஓர் இணை வழிகாட்டியைக் கேட்டிருக்கிறேன்.

சேர்க்கைக்கு நெட் மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும் என்பதால், முடிவு வந்த கையோடு வழிகாட்டிகளைத் தேடத் தொடங்கிவிடுங்கள். ஆய்வு முன்மொழிவு மூன்று பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.