சவுக்கங்காயும் பைன் கூம்பும்: உயர்தர உயிரியலில் நான் தடுக்கிய இடம்

திருகோணமலையில் உயர்தர உயிரியல் படிப்பவருக்குப் பைன் மரம் பெரும்பாலும் பாடநூற் படமாகவே அறிமுகமாகிறது. நான் உப்புவெளிக் கடற்கரையில் பொறுக்கிய சவுக்கங்காய்களைப் பைன் கூம்புகள் என்று நம்பி, அவற்றைப் பார்த்தே பல வாரங்கள் படம் வரைந்தேன். பைனைப் போலன்றிச் சவுக்கு பூக்கும் தாவரம் என்பதை ஆசிரியர் ஒரு துணுக்கைக் கையில் தந்தே விளக்கினார். அதன் ‘ஊசி’யை இழுத்தால் கணுவிலே கழன்றுவிடும், கணுவைச் சுற்றியுள்ள 6 முதல் 8 வரையான நுண்ணிய பற்களே உண்மையான இலைகள், ஊசியாகத் தெரிவது தண்டு. பைனின் ஊசியோ முழுவதும் இலையே.

அதைவிடப் பெரிய தவறு மாதிரிப் பரீட்சையில் நேர்ந்தது. பைன் வித்தின் உணவு சேமிக்கும் இழையம் மும்மடியம் (கலத்தில் மூன்று தொகுதி நிறமூர்த்தங்கள் உடையது) என்று எழுதிப் புள்ளிகளை இழந்தேன். பைன் போன்ற, வித்து கனிக்குள் மூடப்படாத வித்துமூடியிலிகளில், பூக்கும் தாவரங்களில் இரட்டைக் கருக்கட்டலால் உண்டாகும் வித்தகவிழையம் என்ற உணவிழையம் இல்லை. உணவைச் சேமிப்பது கருக்கட்டலுக்கு முன்பே உருவாகிவிடும் ஒருமடியமான (ஒரே தொகுதி உடைய) பெண் புணரித்தாவரம், அதாவது முட்டைக்கலத்தை உண்டாக்கும் சந்ததி. எனவே வித்தை வரையும்போது மூன்று நிறங்களைப் பயன்படுத்துங்கள்: வித்துறை தாய்மரத்துக்குரிய இருமடியம் (இரண்டு தொகுதி), உள்ளிருக்கும் உணவிழையம் ஒருமடியம், நடுவிலுள்ள பல வித்திலைகள் கொண்ட முளையம் புதிய இருமடியம். ஒரே வித்துக்குள் மூன்று சந்ததிகள் அடங்கியிருப்பது விளங்கினால், அமைப்புக் கட்டுரை வினாவை எப்படித் திருப்பிக் கேட்டாலும் தடுமாற்றம் வராது.

காலவரிசையையும் தனியாக எழுதிப் பாருங்கள். இரண்டு காற்றுப்பைகளையுடைய மகரந்தமணி பின்னர் வித்தாக மாறும் சூல்வித்தைக் காற்றால் அடைந்த பின்னரும், கருக்கட்டல் நிகழ ஏறத்தாழ ஓராண்டு செல்லும். மகரந்தச்சேர்க்கையையும் கருக்கட்டலையும் ஒன்றாக எழுதுவோர் இங்கேதான் சிக்குகின்றனர். மற்றொரு வித்துமூடியிலியான சைக்கசின் ஆண்புணரி (ஆண் இனப்பெருக்கக் கலம்) நீந்தும், பைனினது நீந்தாது என்பதும் ஒப்பீட்டு வினாவுக்கு உதவும்.

பைன் வகைகளுக்கு நீண்ட பட்டியல் வேண்டாம். ஊசியின் குறுக்குவெட்டில் ஒரு கலன்கட்டு (நீரையும் உணவையும் கடத்தும் இழையக் கட்டு) காணப்படுவது மென்பைன், இரண்டு காணப்படுவது வன்பைன் என்ற பிரிவே போதும். மென்பைனில் பெரும்பாலும் ஐந்து ஊசிகளும், வன்பைனில் இரண்டு அல்லது மூன்றும் ஒரு கொத்தில் இருக்கும்.

பரீட்சை முடிந்த பிறகே கண்டி ஹந்தானையில் நடப்பட்டுள்ள கரீபியன் பைனைப் பார்த்தேன். உதிர்ந்து கிடந்த கூம்பின் செதிலொன்றை நகத்தால் நெம்பியபோது, வித்துகள் சிறகோடு பறந்துபோன இரண்டு பள்ளங்கள் அருகருகே தெரிந்தன. செதிலுக்கு இரண்டு சூல்வித்துகள் என்று நான் மனப்பாடம் செய்த வரி அங்கே அச்சாகப் பதிந்திருந்தது.