பச்சையா நீலமா

27 செப்டம்பர் 2025, சனி

ஆஸ்பத்திரிக் கடிதத்தில் தேதி வந்துவிட்டது. அக்டோபர் 22, காலை எட்டரை. இன்னும் இருபத்தைந்து நாள்.

அலமாரி மேலே நாலு வருடமாகக் கிடந்த மினி கார் மாடலை இறக்கினேன். டமியா கம்பெனி, 1/24 அளவு. பாதி பாகங்களை வெட்டிப் போட்டுவிட்டு அப்படியே மூடி வைத்திருக்கிறேன். செய்முறைத் தாளின் ஓரமெல்லாம் என் பென்சில் குறிப்பு.

28 செப்டம்பர், ஞாயிறு

பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவைத்தேன். அச்சில் ஒட்டாமலிருக்கப் போடும் எண்ணெய்ப் பசை மிச்சமிருந்தால் பெயிண்ட் பிடிக்காது. நிஜ மினியே மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான், இது பன்னிரண்டே முக்கால் சென்டிமீட்டர், உள்ளங்கையில் உட்கார்ந்துகொள்கிறது. டயர் கிட்டத்தட்ட இருபது சென் காசு.

பெட்டியில் இருப்பது கூப்பர் 1275. அப்பாவுடையது வெறும் 848 சிசி, நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தபோது பழசாக வாங்கியது. மழை வந்தால் நின்றுவிடும். எஞ்சினைக் குறுக்காக வைத்ததில், பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் கிரில்லுக்கு நேர் பின்னால் வந்துவிட்டது, தண்ணீர் பூராவும் அதன்மேல்தான். அப்பா நனைந்துகொண்டே பானெட்டைத் திறந்து கைக்குட்டையால் துடைப்பார். உள்ளே நானும் அக்காவும் கண்ணாடியில் ஊதி ஊதிப் படம் வரைந்துகொண்டிருப்போம், இன்னும் கொஞ்ச நேரம் காடி கிளம்பாமல் இருந்தால் தேவலை என்று.

1 அக்டோபர், புதன்

நிறம் கலக்கும் முன் எதற்கும் கேட்டுவிடலாம் என்று அக்காவுக்கு ஃபோன் போட்டேன். கேட்டிருக்கக் கூடாது. “தம்பி, அது நீலம்டா. இளநீலம்.”

பச்சை. மேலே வெள்ளைக் கூரை. ஆல்மண்ட் கிரீன் என்று கம்பெனியே ஒரு நிறம் வைத்திருந்தது, அச்சு அசல் அதுதான் என் கண்ணில் நிற்கிறது. வீட்டில் இருக்கும் ஒரே படம் கறுப்பு வெள்ளை. அதில் காடியும் சாம்பல், அம்மாவின் புடவையும் சாம்பல்.

3 அக்டோபர், வெள்ளி

கோப்பியைத் தட்டு இல்லாமல் கொடு என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்கவில்லை அவள்.

5 அக்டோபர், ஞாயிறு

எக்ஸ்ட்ரா தின் பசை தண்ணீர் மாதிரி. இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விளிம்பில் பிரஷ் நுனியால் தொட்டால் போதும், இடுக்கு வழியே தானாக ஓடி, பிளாஸ்டிக்கை இளக்கி, ஒன்றாக்கிவிடும். இடுக்கின் மேல் விரல் இருந்தால் விரலுக்கு அடியிலும் ஓடும். எனக்குத் தெரியாததா, இருபது வருடமாக ஒட்டுகிறேன். இன்று இடது கையில் பிரஷைப் பிடித்துப் பார்ப்போமே என்று, வலது கையில் பாகத்தைப் பிடித்திருந்தேன். வலது கட்டைவிரல் ரேகை மொத்தமாகத் தரைத்தகட்டில் பதிந்துவிட்டது, அடையாள அட்டை எடுக்கிறவர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள். 400, 800, 1200 என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

தேய்க்கவில்லை. அடிப்பக்கம்தானே.

9 அக்டோபர், வியாழன்

இன்று நல்ல நாள்! அப்பாவின் காடியில் உள்ளிருந்து கதவைத் திறக்கக் கைப்பிடி கிடையாது, ஒரு கயிறுதான், அதைப் பிடித்து இழுக்க வேண்டும். கருப்பு நூலை ஒன்றரை சென்டிமீட்டருக்கு வெட்டி, இரண்டு முனையிலும் சொட்டுப் பசை வைத்து, டுவீசரால் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். அப்புறம் வெளியே கதவுக் கீல்கள். பழைய மினிக்குக் கீல் வெளியில்தான் தெரியும், ஒவ்வொன்றும் எள்ளை விடச் சின்னது. அதன் விளிம்பில் பத்துப் பூஜ்ய பிரஷால் கருப்புக் கோடு.

கை ஆடவே இல்லை. கல் மாதிரி நின்றது. இரண்டு மணி நேரம். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன், “பாரு, பாரு, ஏதாவது ஆடுதா?” என்று. இராத்திரி செய்தி பார்க்கும்போது மடியில் கிடந்த கை மறுபடி காசு எண்ண ஆரம்பித்தது, சரி, அது களைப்பு. கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

12 அக்டோபர், ஞாயிறு

பினாங்கு கெலுகோரில் மூன்று நாளாக மழை. பொறுக்காமல் பின்பக்க பால்கனியில் வைத்துப் பச்சைக்கு மேல் நிறமில்லாத லாக்கரை அடித்தேன், பத்து நிமிடத்தில் கூரை ஓரமெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. லாக்கர் தின்னர் வேகமாக ஆவியாகிற வேகத்தில் மேல்பரப்பு சில்லிட்டு, காற்றின் ஈரம் பெயிண்டுக்குள் இறங்கிவிடும். சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். மழை நாளில் லாக்கர் அடிக்காதே என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

எரிச்சலில் மகளைத் திட்டிவிட்டேன். அவள் மழையை வரவழைத்த மாதிரி.

13 அக்டோபர், திங்கள்

ஏசி அறை, மெதுவாகக் காயும் லெவலிங் தின்னர் மட்டும் மெல்லிசாக ஒரு பூச்சு. பூத்தது போய்விட்டது. மகளுக்கு ஐஸ் கச்சாங்.

14 அக்டோபர், செவ்வாய்

மச்சினி வந்திருந்தாள். இருபது வருட நர்ஸ். கதவுக் கீலைக் காட்டி, கை ஆடாமல் செய்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பாராட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “வேலை செய்யும்போது ஆடாது, சும்மா வச்சிருந்தாதான் ஆடும், அப்படித்தானே அத்தான்?” என்றாள்.

ஆமாம் என்றேன். அதுதானே நல்லது என்றேன்.

அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. எழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

15 அக்டோபர், புதன்

செய்முறைத் தாளில் மூன்றாம் பக்கம், நாலு வருடத்துக்கு முன் எழுதியது: “இருக்கை – மங்கல் கருப்பு.” கட்டத்தைத் தாண்டி ஓடும் பெரிய எழுத்து. ஏழாம் பக்கம், போன வாரம் எழுதியது: “பம்பர் – வெள்ளி.” ப பெரிது, ம் அதைவிடச் சின்னது, கடைசி ளி எறும்பு.

பென்சில் மொட்டையாக இருந்திருக்கும்.

சீவிவிட்டு எழுதிப் பார்த்தேன்.

18 அக்டோபர், சனி

லிட்டில் இந்தியாவில் கால் வைக்க இடமில்லை. முறுக்கு மாவு, மகளுக்குச் சட்டை, எனக்கு ஒன்றும் வேண்டாம்.

20 அக்டோபர், தீபாவளி

சுங்கைப்பட்டாணியிலிருந்து அக்கா குடும்பத்தோடு. காடியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் அப்படி இப்படித் திருப்பினாள். நூல் கயிற்றைப் பார்த்ததும் பேச்சே இல்லை, நகத்தால் தொட்டாள். “அப்பா காடியேதான்டா,” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆனா நீலம்.”

சாப்பிடும்போது வலது கையை மேசைக்குக் கீழே வைக்க முடியாதே. இலைமேல் வைத்தே இருந்தேன், வேலை கொடுத்துக்கொண்டே.

21 அக்டோபர், செவ்வாய்

கண்ணாடிகள் மட்டும் பாக்கி. இதற்கு சூப்பர் குளு ஆகாது, அதன் ஆவியில் கண்ணாடி மங்கிவிடும். தச்சு வேலைக்கான வெள்ளைப் பசைதான், காய நேரமெடுக்கும். மூன்று ஒட்டியாகிவிட்டது. ஓட்டுநர் பக்கம் நாளை வந்து ஒட்டிக்கொள்கிறேன். கடிதம் கண்ணாடி டப்பாவுக்குக் கீழே இருக்கிறது, ஏழு மணிக்குக் கிளம்பினால் ஜெலுத்தோங்கில் ஜாம்