அக்கா மகளின் வலிப்பும் ஹோமியோபதியும்

அக்கா மகளுக்குப் பதினைந்து வயதில் முதல் வலிப்பு வந்தது. கோயில் திருவிழாவுக்கு ராத்திரி முழுக்க விழித்திருந்தவள், கொஞ்சம் கண்ணயர்ந்து எழும்பியதும் லயத்து வீட்டு வாசலில் விழுந்தாள். கைகால் இழுத்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். சாவியால் ஆவது ஒன்றுமில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல் பக்கத்தில் இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

முதலில் காட்டிய ஆஸ்பத்திரியில், விழுந்த கதையை மட்டும் கேட்டுவிட்டு கார்பமசெபின் என்ற வலிப்பு மாத்திரையை எழுதினார்கள். டாக்டருக்குத் தமிழ் வராது. அக்காவின் சிங்களம் கடைக்குப் போய்வரத்தான் காணும். பெரிய வலிப்பு திரும்ப வரவில்லை. ஆனால் காலையில் பிள்ளையின் கை சட்டென்று வெட்டி, தேத்தண்ணிக் கோப்பை பறக்கும். முன்பு எப்போதாவது நடந்தது, மாத்திரைக்குப் பிறகு அடிக்கடி நடந்தது. கவனமில்லாத பிள்ளை என்று அக்கா ஏசுவாள்.

அப்போதுதான் மதினி ஒருவர் அட்டன் பக்கத்து ஹோமியோபதி வைத்தியர் ஒருவரைச் சொன்னார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, அக்காவுக்குத் துணையாகப் போனேன். ஆனால் அந்த மனிதர் கேட்டதைப் போல அதுவரை யாரும் கேட்டதில்லை. தமிழில், ஆற அமர: எந்த நேரத்தில் வருகிறது, தூக்கம் கெட்டாலா, பயந்தாலா, என்ன கனவு வரும், எந்தப் பக்கம் படுப்பாள். பிள்ளையே வாய் திறந்து சொன்னாள்: "விடிய எழும்பின உடனேதான் கை வெட்டும். லேட்டா படுத்தா இன்னும் கூட."

கொடுத்தது குப்ரம் மெட்டாலிகம் 200. செம்பை ஒன்றுக்கு நூறு என்ற கணக்கில் 200 தடவை கரைத்ததாம். பன்னிரண்டாவது தடவையைத் தாண்டினாலே செம்பில் ஓர் அணு மிஞ்சுவதும் சந்தேகம். பிறகு இருப்பது சீனி உருண்டைதான். கோப்பி குடிக்கக் கூடாது என்றார், சரி. "ரெண்டு மாசத்துல இங்கிலீஷ் மாத்திரைய நிப்பாட்டிடலாம்" என்றார் பாருங்கள், அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பஸ்ஸிலேயே சண்டை. "இவ்வளவு பொறுமையாக் கேட்ட மனுசன் தப்பாவா சொல்லுவாரு?" என்றாள் அக்கா. நியாயமான கேள்விதான். ஆனால் வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உருண்டையைத் தின்னட்டும், மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று பிடிவாதமாக நின்றேன்.

அவர் கேட்ட கேள்விகளையும் பிள்ளையின் பதில்களையும் ஒரு கொப்பியில் எழுதினேன். கை வெட்டுவதைப் போனில் படம் எடுத்தோம். இரண்டையும் கண்டியில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் காட்டியபோது, வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈஈஜி பரிசோதனை எடுக்கச் சொன்னார். தலைக்கு எண்ணெய் வைக்காமல், ராத்திரி தூங்கவிடாமல் கூட்டிப்போக வேண்டும், அதுதான் பெரும்பாடு. இளவயது மயோக்ளோனிக் வலிப்பு, அதாவது கைகால் சட்டென்று வெட்டும் வகை, என்று முடிவு வந்தது. இந்த வகையில் கார்பமசெபின் கை வெட்டைக் கூட்டிவிடலாமாம். வல்ப்ரோயேட் என்ற மருந்துக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் அது பின்னாளில் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது என்பதால் பெண்பிள்ளைக்கு லெவெடிராசெட்டம் என்ற வேறு மாத்திரை கொடுத்தார். பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.

கை வெட்டு நின்றுவிட்டது. இப்போது சுள்ளென்று கோபம் வருகிறது. அந்த மருந்துக்கு அப்படி ஒரு குணமும் உண்டாம், அடுத்த கிளினிக்கில் சொல்ல வேண்டும். சாதாரண தரப் பரீட்சை வேறு வருகிறது. பத்து மணிக்கு மேல் படிக்க விடுவதில்லை என்று எங்களோடு பேசாமல் இருக்கிறாள்.