தங்கச்சியின் 12,000 ரூபாய் எந்தக் கணக்கில் இருந்தது?

தங்கச்சி எட்டாம் வகுப்பில், மத்திய அரசின் உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதிப் பாஸானாள். ஒன்பதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய், வருடத்துக்கு 12,000. அம்மா உசிலம்பட்டியில் பூக் கட்டுகிறவர். அந்தப் பணம் எங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெரிது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கூடப் படித்த பிள்ளைக்குப் பணம் ஏறிவிட்டது. இவளுக்கு வரவில்லை. விண்ணப்பத்தில் கொடுத்த பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். கவுண்டரில் பார்த்துவிட்டு, "ஆதார் லிங்க் ஆகித்தான் தம்பி இருக்கு, ஸ்கூல்ல கேளுங்க" என்றார்கள். பள்ளியில் கேட்டால், "எங்க பக்கம் எல்லாம் சரிபார்த்து அனுப்பியாச்சுப்பா, பேங்க்ல கேளு." இப்படியே நாலு மாதம் ஓடியது. நான் போக முடியாத நாளில் அம்மா போனார், அன்றைய கூலி போனது.

கடைசியில் வழி காட்டியவர் இ-சேவை மையத்து அக்கா. பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் தங்கச்சியின் விண்ணப்ப எண்ணைப் போட்டார். மத்திய அரசு தரும் உதவித்தொகை எல்லாம் எங்கே, எப்போது போகிறது என்பது பதிவாகிற நிதி மேலாண்மை அமைப்பு அது. பணம் செலுத்தியாகிவிட்டது என்று அதில் தெளிவாக இருந்தது. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அப்படியானால் யார் எடுத்தார்கள்?

"யாரும் எடுக்கலப்பா. ஆதாரை வச்சுப் போடுற பணம், பாரத்துல எழுதுன அக்கவுண்ட்டுக்குப் போகாது. என்.பி.சி.ஐ.ல எந்த பேங்க் கடைசியாப் பதிவாகியிருக்கோ அங்கதான் போகும்" என்றார்.

என்.பி.சி.ஐ. என்பது வங்கிகளுக்கு இடையே பணம் போகும் வழியை நடத்தும் தேசிய நிறுவனம். இதைத்தான் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கணக்கில் ஆதார் எண்ணைச் சேர்ப்பது வேறு, மானியமும் உதவித்தொகையும் வாங்க அந்தக் கணக்கை என்.பி.சி.ஐ.யில் பதிவது வேறு. எத்தனை வங்கியில் ஆதார் கொடுத்திருந்தாலும், ஒரு நேரத்தில் ஒரே வங்கிதான் அங்கே பதிவில் இருக்கும். 'மை ஆதார்' தளத்தில் ஓ.டி.பி. போட்டு உள்ளே போனால் வங்கியின் பெயரும் பதிவான தேதியும் தெரிகிறது. ஆதாரில் இருக்கும் கைபேசி எண் உங்கள் கையில் இருக்க வேண்டும். தங்கச்சியுடையதில் அப்பாவின் பழைய நம்பர் இருந்ததால், அதை மாற்றவே ஒரு வாரம் போய்விட்டது.

திரையில் வந்தது வேறொரு வங்கியின் பெயர். அவள் ஆறாம் வகுப்பு படித்தபோது, ஒரு ஊக்கத்தொகைக்காகப் பள்ளியிலேயே முகாம் போட்டுத் திறந்த கணக்கு. டிரங்குப் பெட்டியில், பழைய ரேஷன் கார்டுக்கு அடியில் அந்த பாஸ்புக் கிடைத்தது. அட்டை ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது. எந்திரத்தில் விட்டதும் கடைசி வரியில் 12,000.00 என்று அச்சாகி வந்தது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். விரலால் அந்த வரியைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பாரத்தில் கொடுத்திருந்த கணக்குக்கே பதிவை மாற்றச் சொல்லி, அந்த வங்கியில் ஒப்புதல் கடிதம் எழுதிக் கொடுத்தோம். சில நாளில் மாறிவிட்டது. இந்த உதவித்தொகையை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் புதுப்பிக்கும் முன் தங்கச்சியே 'மை ஆதார்' தளத்துக்குள் போய்ப் பார்த்தாள்: வங்கியின் பெயர் சரியாக இருந்தது. அதன் பிறகுதான் விண்ணப்பத்தை அனுப்பினாள்.